ராத்திரி இரண்டு இட்லி, காலையில் 172: கல்லீரலுக்குள் என்ன நடக்கிறது?

கேள்வி: "அப்பாவுக்கு 58 வயது, எட்டு வருடமாகச் சர்க்கரை. ராத்திரி எட்டு மணிக்கு இரண்டு இட்லிதான் சாப்பிடுகிறார். படுக்கும்போது 140. இடையில் தண்ணீர் தவிர ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து விரலைக் குத்திப் பார்த்தால் 172. 'கல்லீரல் விடுகிறது' என்கிறார் டாக்டர். சர்க்கரையை விடுகிற என்சைம் எது என்றுதான் கண்டுபிடித்துவிட்டார்களே, அதை அடைத்துவைக்க ஒரு மாத்திரை ஏன் இல்லை? இரவுச் சாப்பாட்டையே நிறுத்திவிட்டால் காலையில் குறையுமா?"

டாக்டர் சொன்னது சரி, கல்லீரல்தான் விட்டிருக்கிறது. மாத்திரை ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரியில் பதில் சொல்லலாம்: முயன்றார்கள், எலிகளிடம் பலித்தது, மருந்துக்கடை வரை வரவில்லை. ஆனால் இந்த ஒரு வரியில் விஷயத்தின் ருசியான பகுதி விட்டுப்போகும். சேமித்த சர்க்கரையை எடுக்கிற நொதியும், சர்க்கரையைச் சேமிக்கிற நொதியும் ஒன்றுக்கொன்று தெரியாமல் வேலை செய்பவை அல்ல. சேமிக்கிற நொதியை எழுப்பிவிட வேண்டிய ஆள் ஒருவர் இருக்கிறார். எடுக்கிற நொதி அவர் கையைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதுதான் என்னை இருபது வருடத்துக்கும் மேலாக இந்தப் பாடத்தோடு கட்டிப்போட்டிருக்கும் கேள்வி. மருத்துவக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உயிர்வேதியியல் நடத்தியவன் நான். நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவன் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் ஒரு குழப்பத்தை ஓரமாக வைத்துவிடுவோம். 'கல்லீரல் என்சைம்' என்றதும் பலருக்கு லேப் ரிப்போர்ட்டில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. நினைவுக்கு வரும். அவை கல்லீரல் செல்கள் அடிபட்டால் ரத்தத்தில் கசியும் நொதிகள், அடிபட்டதற்கு அடையாளம். இங்கே பேசப்போகும் நொதிகள் எந்த ரிப்போர்ட்டிலும் வராது. அவை செல்லுக்கு உள்ளேயே உட்கார்ந்து வேலை பார்ப்பவை.

இப்போது கணக்கு. ஒரு ஆளின் உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் என்று வையுங்கள். சர்க்கரை 90 என்றால் 100 மில்லிலிட்டருக்கு 90 மில்லிகிராம். ஆக மொத்த ரத்தத்திலும் இருப்பது நாலரை கிராம். ஒரு டீஸ்பூன். மூளை மட்டும் ஒரு நாளைக்கு 120 கிராம் போலத் தின்கிறது, தூக்கத்திலும் அது கடையை மூடுவதில்லை. அதனால் வயிறு காலியாக இருக்கும் நேரத்தில் கல்லீரல் இடைவிடாமல் குளுக்கோஸை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது: உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 7 கிராம். எட்டு மணி நேரத் தூக்கத்தில் 57 கிராம். டீஸ்பூன் கணக்கில் பன்னிரண்டுக்கு மேல். யாரும் கொடுக்காத சர்க்கரை இப்படித்தான் வருகிறது, சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் வருகிறது. இல்லாதவரிடம் வரவும் செலவும் சமமாக இருக்கும். உங்கள் அப்பாவிடம் வரவு கொஞ்சம் கூடுகிறது, செலவு கொஞ்சம் குறைகிறது. 140 இல்லாமல் 172 ஆவதற்கு அந்தச் சின்ன வித்தியாசம் போதும்.

கல்லீரல் இந்தச் சர்க்கரையை இரண்டு வழியில் கொடுக்கிறது. ஒன்று, ஏற்கெனவே சேர்த்துவைத்த கிளைக்கோஜனை உடைத்து. இரண்டு, லாக்டேட், அமினோ அமிலம், கிளிசரால் போன்றவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்து. இரண்டாவது வழியைக் கடைசியில் பார்ப்போம், அதை மறக்காதீர்கள்.

கிளைக்கோஜன் என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்துக் கிளைகிளையாகப் படரவிட்ட உருண்டை. ஒரு உருண்டையில் 50,000 குளுக்கோஸ் வரை இருக்கலாம். நன்றாகச் சாப்பிட்டவரின் கல்லீரலில் 100 கிராம் அளவு இருக்கும். தசைகளில் இதைவிட நாலு மடங்கு இருந்தாலும் தசை அதைத் தன் சொந்தச் செலவுக்கே வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குக் கொடுக்காது. ஒட்டியிருக்கும் பாஸ்பேட் என்ற சிறு துணுக்கைக் கழற்றிக் குளுக்கோஸை வெளியே அனுப்பும் நொதி அதனிடம் கிடையாது. ஊருக்குப் படியளப்பது கல்லீரல்தான்.

பழைய வீட்டில் நெல் கொட்டிவைக்கும் குதிர் என்ற கலத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிது. மேலே வாய் வழியாக நெல்லைக் கொட்டுவார்கள். அடியில் ஒரு சின்னத் துளை, துணியோ வைக்கோலோ வைத்து அடைத்திருக்கும். வேண்டும்போது பிடுங்கி அள்ளிக்கொண்டு திரும்ப அடைப்பார்கள். கல்லீரலில் மேல்வாய்க்கு ஆள் கிளைக்கோஜன் சிந்தேஸ். அடித்துளைக்கு ஆள் கிளைக்கோஜன் பாஸ்பரைலேஸ்.

கல்லீரலில் இப்படி ஒரு குதிர் இருப்பதைக் கண்டவர் பிரான்சின் கிளோட் பெர்னார். 1855-இல் அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. அப்போதுதான் இறந்த விலங்கின் கல்லீரலுக்குள் தண்ணீரைப் பாய்ச்சி, வெளியே வரும் நீரில் சர்க்கரையே இல்லை என்னும் வரை கழுவினார். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் அதே கல்லீரலில் மறுபடி சர்க்கரை. ரத்தம் இல்லை, உணவு இல்லை, உயிரும் இல்லை. ஆனால் உள்ளே ஏதோ ஒன்று சர்க்கரையாக மாறியிருக்கிறது. இரண்டு வருடத்தில், 1857-இல், அந்தப் பொருளைத் தனியே பிரித்துக் கிளைக்கோஜன் என்று பெயரிட்டார்.

அதை உடைக்கும் பாஸ்பரைலேஸை கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் வெளிக்கொண்டுவந்து 1947-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த நொதி 'ஏ', 'பி' என இரு வடிவங்களில் இருப்பதையும் அவர்களே கண்டார்கள். 'ஏ' விழித்திருக்கும் வடிவம், 'பி' உறங்கும் வடிவம். ஒன்று மற்றொன்றாக எப்படி மாறுகிறது என்பதை 1950-களில் சியாட்டிலில் எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் அவிழ்த்தார்கள். கோரி தம்பதியரின் முறைப்படி செய்யாமல், தசைச்சாற்றை வடிதாளில் வடிப்பதற்குப் பதில் சுழற்றிப் பிரித்தபோது இவர்களுக்கு உறங்கும் வடிவம் மட்டுமே கிடைத்தது. விழித்த வடிவம் எங்கே போனது என்று தேடினால், காரணம் வடிதாள்! தாளில் ஒட்டியிருந்த கால்சியம் சாற்றில் கலந்து நொதியை எழுப்பிக்கொண்டிருந்தது. கால்சியம் தூண்டிவிட்ட இன்னொரு நொதி, பாஸ்பரைலேஸின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டவைத்தது. நொதியில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால் விழிக்கிறது, கழற்றினால் உறங்குகிறது. உடம்பு முழுக்க ஆயிரக்கணக்கான புரதங்கள் இதே சுவிட்சால் இயங்குகின்றன என்பது பின்னால் தெரிந்தது. 1992-இல் இருவருக்கும் நோபல்.

சிந்தேஸிலும் அதே சுவிட்சுதான், ஆனால் தலைகீழ். பாஸ்பேட் ஒட்டினால் அது உறங்கும், கழற்றினால் விழிக்கும். இயற்கையின் சிக்கனம் இங்கே தெரிகிறது. பசி நேரத்தில் கணையத்திலிருந்து குளுக்ககான் என்ற ஹார்மோன் வருகிறது, கல்லீரல் செல்லுக்குள் பாஸ்பேட் ஒட்டும் நொதிகள் கிளம்புகின்றன. அதே உத்தரவில் பாஸ்பரைலேஸ் விழிக்கிறது, சிந்தேஸ் உறங்குகிறது. அடித்துளை திறந்தது, மேல்வாய் மூடியது. சாப்பிட்ட பிறகு இன்சுலின் வந்தால் எல்லாம் திருப்பிப் போடப்படுகிறது. பெரும்பாலான பாடப் புத்தகங்கள் இந்த இடத்தில் ஒரு படம் போட்டு முடித்துவிடும். நானும் பல வருடம் இங்கேயே முடித்தேன், தேர்வுக்கு இது போதும் என்பதால்.

ஆனால் ஒரு முரண் இருக்கிறது. பெல்ஜியத்தின் லூவைனில் ஹென்றி-ஜெரி ஹெர்ஸ், வில்லி ஸ்டால்மன்ஸ் ஆகியோரின் குழு 1970-களில் கவனித்தது இது. குளுக்கோஸைச் செலுத்தியதும் கல்லீரலில் பாஸ்பரைலேஸ் உடனே உறங்கத் தொடங்குகிறது. சிந்தேஸ் மட்டும் உடனே விழிப்பதில்லை, சில நிமிடம் அசையாமல் கிடக்கிறது. விழித்த பாஸ்பரைலேஸ் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்த பிறகுதான் சிந்தேஸ் எழுகிறது. இரண்டு விளக்கும் ஒரே சுவிட்சில் இருந்தால் ஒன்று அணையும் நொடியில் மற்றது எரிய வேண்டும். இங்கே ஒன்று அநேகமாக முழுக்க அணையும் வரை மற்றது காத்திருக்கிறது. அப்படியானால் விழித்த பாஸ்பரைலேஸே சிந்தேஸை எழவிடாமல் தடுக்கிறது என்றுதான் பொருள். எப்படி?

இதற்கு விடை தேட, பாஸ்பேட்டைக் கழற்றும் ஆளைப் பார்க்க வேண்டும். அவர் பெயர் புரத பாஸ்பட்டேஸ்-1. செல்லில் எங்கும் இருப்பவர், எத்தனையோ புரதங்களில் பாஸ்பேட்டைக் கழற்றக் கூடியவர். இப்படி ஒருவரைச் சும்மா விட்டால் செல் முழுவதும் குழப்பம்தான். அதனால் செல் அவரை ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு துணைப்புரதத்தோடு கட்டி அனுப்புகிறது. எங்கே நிற்க வேண்டும், எதைத் தொட வேண்டும் என்பதைத் துணைதான் முடிவு செய்யும். கல்லீரலின் கிளைக்கோஜனிடம் அவரை அழைத்துப்போகும் துணையின் பெயர் ஜி.எல்.

ஜி.எல். சின்னப் புரதம், முந்நூறு அமினோ அமிலம்கூட இல்லை. ஆனால் மூன்று பிடிகள் வைத்திருக்கிறது. ஒன்றால் பாஸ்பட்டேஸைப் பிடிக்கும், ஒன்றால் கிளைக்கோஜனைப் பிடிக்கும். மூன்றாவது பிடி, புரதத்தின் வால் நுனியில், விழித்திருக்கும் பாஸ்பரைலேஸுக்கு. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் பிலிப் கோஹன், பட்ரிஷியா கோஹன் ஆகியோரின் ஆய்வகங்கள் 1990-களில் இந்த மூன்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டின. வால் நுனியின் கடைசிப் பதினாறு அமினோ அமிலங்கள்தான் அந்த மூன்றாவது பிடி. விழித்த பாஸ்பரைலேஸ் அந்த வாலைப் பிடித்துக்கொண்டால், பக்கத்திலேயே நிற்கும் பாஸ்பட்டேஸால் சிந்தேஸின் பாஸ்பேட்டைக் கழற்ற முடியாது. அதுவும் மிகச் சொற்ப பாஸ்பரைலேஸ் போதும்.

லூவைன் புதிர் இங்கே அவிழ்கிறது. கல்லீரலில் பாஸ்பரைலேஸ் ஏராளம், ஜி.எல். கொஞ்சம். பத்துப் பேர் காத்திருக்கும் இடத்தில் ஒரு நாற்காலி போல. ஏழெட்டுப் பேர் தூங்கப் போனாலும் மிச்சமிருப்பவர் நாற்காலியை விடமாட்டார். அநேகமாக எல்லாரும் போன பிறகுதான் வால் விடுபடும், சிந்தேஸ் எழும். அடித்துளையை நன்றாக அடைத்தாயிற்று என்று உறுதியான பிறகே மேல்வாயில் நெல் கொட்டுவது. கொட்டக் கொட்ட ஒழுகுகிற குதிர் வேண்டாம் என்கிற ஏற்பாடு.

அப்படியானால் பாஸ்பரைலேஸை முதலில் தூங்கவைப்பது யார்? இன்சுலின் என்று பதில் வரும் என எதிர்பார்ப்பீர்கள். இன்சுலினுக்குப் பங்கு உண்டு. ஆனால் குளுக்கோஸே நேராக அந்த வேலையைச் செய்கிறது என்பதுதான் இதில் எனக்கு வியப்பு. கல்லீரல் பாஸ்பரைலேஸின் வேலை செய்யும் பொந்துக்குள் குளுக்கோஸ் போய் உட்கார்ந்தால் நொதியின் உருவம் லேசாகத் திரும்புகிறது. அதுவரை உள்ளே மறைந்திருந்த பாஸ்பேட் வெளியே தலைகாட்டுகிறது. பாஸ்பட்டேஸ் அதைக் கழற்றிவிடுகிறது. (பாஸ்பரைலேஸ் பிடித்திருக்கும்போது பாஸ்பட்டேஸுக்குத் தடைப்படுவது சிந்தேஸ் மீதான வேலைதான், பாஸ்பரைலேஸ் மீதான வேலைக்குத் தடை இல்லை. நுணுக்கமான இடம், விட்டுவிட்டால் எதுவும் புரியாது.) ஆக எடுக்கிற நொதியே சர்க்கரையின் அளவை உணரும் கருவியும்கூட. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அது தானாக மயங்கி, வாலை விட்டு, சேமிக்கிற நொதிக்கு வழிவிடுகிறது.

சர்க்கரை நோயில் இந்த ஏற்பாடு எங்கே சறுக்குகிறது? சாப்பிட்ட பிறகும் குளுக்ககான் போதிய அளவு அடங்குவதில்லை, இன்சுலினின் சொல் கல்லீரலில் எடுபடுவதில்லை. பாஸ்பரைலேஸை எழுப்பும் கை ஓய்வதில்லை. சாப்பிட்ட மாவுச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கல்லீரல் வாங்கிக்கொண்டாக வேண்டும்; வாங்குவது தாமதமானால் அது ரத்தத்தில் நின்று, சாப்பிட்ட இரண்டு மணி நேர அளவில் தெரிகிறது. சேமிப்பு முழுக்க நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு அரிய பிறவி நோய் சாட்சி. கல்லீரல் சிந்தேஸே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்குச் சாப்பிட்டதும் சர்க்கரையும் லாக்டேட்டும் ஏறும், பட்டினியில் சர்க்கரை கீழே விழும். ஒரே குழந்தைக்கு இரண்டும்.

இனி மாத்திரைக்கு வருவோம். உங்கள் யோசனை, அதாவது பாஸ்பரைலேஸை நேராக அடைப்பது, மருந்து நிறுவனங்களுக்கும் வந்த முதல் யோசனைதான். ஆபத்து உண்டா என்பதற்கும் ஒரு பிறவி நோய் சாட்சி சொல்கிறது. கல்லீரல் பாஸ்பரைலேஸ் குறைபாட்டை 1959-இல் விவரித்தவர் மேலே சொன்ன அதே ஹெர்ஸ். நோய்க்கும் அவர் பெயரே. அந்தக் குழந்தைகளுக்குக் கல்லீரல் வீங்கும், வளர்ச்சி தாமதப்படும், பட்டினியில் சர்க்கரை ஓரளவு குறையும். ஆனாலும் பெரும்பாலும் மிதமான நோய்தான், வயது ஏற ஏறப் பலருக்குத் தேறிவிடுகிறது. புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கும் இரண்டாவது வழி கைகொடுப்பதால் அவர்கள் பிழைக்கிறார்கள். ஆக, அடைத்தால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லிவிட முடியாது.

ஃபைசர் நிறுவனத்தினர் 1998-இல் சிபி-91149 என்ற சேர்மத்தை வெளியிட்டார்கள். பருமனும் சர்க்கரையும் உள்ள எலிகளுக்கு வாய்வழி கொடுத்த மூன்று மணி நேரத்தில் சர்க்கரை 100 மில்லிகிராமுக்கு மேல் இறங்கியது. சர்க்கரை இயல்பாக இருந்த எலிகளில் இறங்கவில்லை. இந்த இரண்டாவது வரிதான் முக்கியம். அந்த மருந்து குளுக்கோஸோடு கூட்டுச் சேர்ந்தே நொதியை மயக்குகிறது. சர்க்கரை அதிகம் இருக்கும்போது பலமாகவும், குறைந்துவிட்டால் பலவீனமாகவும் வேலை செய்கிறது. லோ சுகர் ஆகிவிடுமோ என்ற பயத்துக்கு மருந்துக்குள்ளேயே ஒரு பதில்.

அப்படியும் ஏன் வரவில்லை? தசையின் பாஸ்பரைலேஸ் கல்லீரலினதற்குக் கிட்டத்தட்ட இரட்டைப் பிறவி. அதையும் சேர்த்து அடைத்தால் நடக்க, மாடிப்படி ஏற தசைக்கு எரிபொருள் தட்டும். அது பிறவியிலேயே இல்லாத மக்ஆர்டில் நோயாளிகள் சற்று வேகமாக நடந்தாலே தசைப்பிடிப்பில் அவதிப்படுவார்கள். அடுத்து, அடித்துளையை நாள்தோறும் அடைத்தே வைத்தால் குதிர் வீங்கும். இந்த வகையில் பல சேர்மங்கள் செய்யப்பட்டன, சில மனிதர்களிடமும் சோதிக்கப்பட்டன. சர்க்கரை நோய்க்கு அனுமதி பெற்றது ஒன்றுகூட இல்லை.

இரண்டாவது யோசனை டண்டீயில் பிறந்தது, எனக்கு இதுதான் அழகானது. பாஸ்பரைலேஸை அடைக்க வேண்டாம். அது ஜி.எல்.-இன் வாலைப் பிடித்திருக்கிறதே, அந்தப் பிடியை மட்டும் விடுவிப்போம். எடுக்கிற நொதி பசி நேரத்துக்குத் தன் வேலையைச் செய்துகொள்ளட்டும். சேமிக்கிற நொதிக்குக் குறுக்கே நிற்காமல் இருந்தால் சரி. இதே வகைச் சேர்மம் ஒன்று பாஸ்பரைலேஸில் ஒட்டும்போது இந்தப் பிடியும் தளர்கிறது என்று பட்ரிஷியா கோஹனின் குழு 2007-இல் காட்டியது. அடைப்பதற்கென்று செய்த மருந்து, யாரும் எண்ணாத இந்த வேலையையும் சேர்த்துச் செய்திருக்கிறது.

மருந்தை விட்டு, பிடியை மட்டும் மாற்றிப் பார்க்க ஒரு வழி இருந்தது. ஜி.எல்.-இன் வால் நுனியில் டைரோசின் என்ற அமினோ அமிலம் ஒன்று பிடிக்கு முக்கியம். அதற்குப் பதில் ஃபினைல்அலனினை வைத்துச் சுண்டெலிகளை உருவாக்கினார்கள். இரண்டு அமினோ அமிலத்துக்கும் வித்தியாசம் ஒரே ஒரு ஆக்சிஜன் அணு. அந்த ஒரு அணு இல்லாத எலிகள் குளுக்கோஸைக் கொடுத்தபோது சாதாரண எலிகளைவிட நன்றாகச் சமாளித்தன. 2009-இல் இது வெளிவந்தது. ஒரு புரதத்தின் வாலில் ஒரு அணுவை எடுத்ததற்கு முழு விலங்கின் ரத்தச் சர்க்கரை பதில் சொல்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும் நாளில் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

மனிதர்களிடமும் இந்தப் புரதத்துக்கு முக்கியத்துவம் உண்டு என்பதற்கு மரபணு ஆய்வுகள் கைகாட்டுகின்றன. ஜி.எல். புரதத்துக்கான மரபணுவை ஒட்டிய மாறுபாடுகள் வெறும்வயிற்றுச் சர்க்கரையோடும் கொழுப்பு அளவுகளோடும், சி.டி. ஸ்கேனில் கல்லீரல் தெரியும் அடர்த்தியோடும் தொடர்புடையவை. கிளைக்கோஜன் கூடினால் ஸ்கேனில் கல்லீரல் வெளுத்துத் தெரியும், கொழுப்பு கூடினால் கறுத்துத் தெரியும். பார்சிலோனாவில் ஜோன் குயினோவார்ட்டின் குழு, எலியின் கல்லீரலில் இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு துணைப்புரதத்தை அதிகமாகச் சுரக்கவைத்தபோது கிளைக்கோஜன் கூடியது, எலிகள் சாப்பிடுவதும் குறைந்தது. குதிர் நிறைந்திருந்தால் பசிகூட அடங்குகிறது போலும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் தயக்கங்களையும் சொல்ல வேண்டும். இரண்டு புரதங்கள் பிடித்துக்கொள்ளும் இடத்தில் நுழைந்து பிரிக்கும் மாத்திரை செய்வது, ஒரு நொதியின் பொந்தை அடைக்கும் மாத்திரை செய்வதைவிட எப்போதும் கடினம். அதைவிடப் பெரிய கவலை குதிரின் கொள்ளளவு. கல்லீரல் தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் கிளைக்கோஜன் வைத்துக்கொள்ளும். நாள்தோறும் அளவுக்கு மேல் சாப்பிடுகிறவருக்கு அந்த இடம் நிறைந்த பிறகு வரும் குளுக்கோஸ் கொழுப்பாகத்தான் மாற வேண்டும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகள் பலருக்கு ஏற்கெனவே கல்லீரலில் கொழுப்பு. கிளைக்கோஜனே அளவு மீறித் தேங்கிக் கல்லீரல் வீங்குவதும் நடக்கக்கூடியது. கட்டுப்பாடில்லாத முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள பிள்ளைகளிடம் பியர் மோரியாக் 1930-இல் விவரித்தது அதுதான்.

பக்கத்து வாசல் ஒன்று திறந்திருப்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. கல்லீரலுக்குள் நுழையும் குளுக்கோஸைப் பிடித்து முதல் பாஸ்பேட்டை ஒட்டுவது குளுக்கோகைனேஸ். இப்படிக் கிடைக்கும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் சிந்தேஸை நேரடியாகவே எழுப்பிவிடும். அதனால் குளுக்கோகைனேஸை முடுக்கும் மருந்துகளைப் பலர் செய்தார்கள். முதலில் வந்தவை ஏமாற்றின: சில மாதத்தில் பலன் தேய்ந்தது, ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு ஏறியது. மேலே சொன்ன கொழுப்புக் கவலை கற்பனை இல்லை என்பதற்கு அதுவே ஆதாரம். ஆனாலும் டோர்சாக்லியாடின் என்ற மருந்துக்கு 2022-இல் சீனாவில் அனுமதி கிடைத்தது. அது கணையம், கல்லீரல் இரண்டிலும் வேலை செய்கிறது. குளுக்ககானின் வாயை அடைக்க முயன்ற மருந்துகளும் சர்க்கரையை நன்றாகவே குறைத்தன. கூடவே கெட்ட கொலஸ்ட்ராலையும் கல்லீரல் கொழுப்பையும் ஏற்றின. கல்லீரலில் ஒரு நூலை இழுத்தால் இன்னொரு மூலையில் சுருங்கும்.

இப்போது அந்த 172. ஒதுக்கிவைத்த இரண்டாவது வழி நினைவிருக்கிறதா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1990-களின் தொடக்கத்தில் காந்தப் புலத்தைக் கொண்டு மனிதக் கல்லீரலின் கிளைக்கோஜனை வெளியிலிருந்தே அளந்தார்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளின் கல்லீரலில் கிளைக்கோஜன் மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. பட்டினி நேரத்தில் அவர்கள் விடும் சர்க்கரையில் புதிதாகத் தயாரித்ததே கூடுதல். அதாவது உங்கள் அப்பாவின் காலைச் சர்க்கரையில் பெரும் பங்கு குதிரிலிருந்து வழிந்தது அல்ல, ராத்திரி முழுக்க உள்ளேயே அரைத்தது. குதிரின் அடித்துளையை அடைக்கும் மாத்திரை இருந்திருந்தாலும் அந்த எண்ணை ஓரளவுதான் குறைத்திருக்கும். புதிதாகத் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பகுதி கிளைக்கோஜன் வழியாகச் சுற்றி வருவதால் கொஞ்சம் பலன் இருந்திருக்கும், அவ்வளவே. டண்டீ யோசனையின் பலன் காலை எண்ணைவிடச் சாப்பாட்டுக்குப் பிந்தைய எண்ணில்தான் அதிகம் தெரியும் என்பது என் கணிப்பு. கல்லீரல் புதிதாகத் தயாரிப்பதைக் குறைக்கும் மாத்திரை ஏற்கெனவே உண்டு: மெட்ஃபார்மின். பெரும்பாலும் அப்பாவின் மருந்துச்சீட்டில் முதல் வரியே அதுவாக இருக்கும்.

இரவுச் சாப்பாட்டை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். குதிர் இன்னும் கொஞ்சம் காலியாகும், அரைப்பது நிற்காது. விடியற்காலையில் கார்ட்டிசோலும் வளர்ச்சி ஹார்மோனும் ஏறும் நேரத்தில் கல்லீரல் இன்னும் தாராளமாக விடும். சாப்பிடாததால் அது மாறிவிடாது. அவர் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ ராத்திரி இன்சுலினோ எடுப்பவராக இருந்தால், சாப்பிடாமல் படுப்பது நடு இரவில் லோ சுகரில் கொண்டுபோய் விடலாம். இரண்டு இட்லி இருக்கட்டும். அதற்குப் பதில் மூன்று நாள் அதிகாலை மூன்று மணிக்கு ஒருமுறை குத்திப் பார்த்து, படுக்கும் நேர எண், மூன்று மணி எண், காலை எண் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று மணிக்கு 70-க்குக் கீழே போயிருந்தால் ஒரு வைத்தியம், 140-லேயே நின்று விடியலில் ஏறியிருந்தால் வேறு வைத்தியம்.